‘பத்து ஆண்டுகளாக’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

‘பத்து ஆண்டுகள் அந்த அச்சகத்தில் வேலை செய்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அந்த வேலை முடிந்துவிட்டது, அவர் இப்போது அங்கே இல்லை என்பது நமக்கு உடனே விளங்கிவிடுகிறது. ‘பத்து ஆண்டுகளாக அந்த அச்சகத்தில் வேலை செய்கிறேன்’ என்றால், அவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். வினை இறந்தகாலத்திலிருந்து நிகழ்காலத்துக்கு மாறியதும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் வினைச்சொல் காதில் விழுவதற்கு முன்பே, ‘ஆண்டுகள்’ என்பது ‘ஆண்டுகளாக’ என்று ஆன இடத்திலேயே, கேட்பவர் மனம் இன்றைய நாளை நோக்கித் திரும்பத் தொடங்கிவிடுகிறது. ‘ஆக’ என்ற அந்தச் சிறிய ஒட்டு, முன்பு எப்போதோ தொடங்கிய ஒன்றை இப்போதுவரை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிறது.

ஆங்கிலத்தில் இத்தகைய ஒட்டு இல்லை. ‘பத்து ஆண்டுகள்’, ‘பத்து ஆண்டுகளாக’ என்ற இரண்டுக்கும் அங்கே ‘ஃபார் டென் இயர்ஸ்’ என்ற ஒரே தொடர்தான் உண்டு. ஆகவே, நாம் காலத்தைக் குறிக்கும் சொல்லின் மீது ஏற்றிவைக்கும் பொறுப்பை ஆங்கிலம் முழுவதுமாக வினைச்சொல்லின் மீது ஏற்றிவைக்கிறது. வேலை முடிந்துவிட்டதென்றால் ‘ஐ வொர்க்ட் தேர் ஃபார் டென் இயர்ஸ்’. இன்றும் தொடர்கிறதென்றால் ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் தேர் ஃபார் டென் இயர்ஸ்’. பள்ளியில் ‘ப்ரெசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ்’ என்ற பெயரில் நாம் படித்தது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். சில இலக்கண நூல்கள் ‘கன்டினியூவஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ப்ரொக்ரெஸிவ்’ என்று எழுதும், இரண்டும் ஒன்றே.

வடிவம் எளிது. ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’, அதன் பின் ‘பீன்’, அதன் பின் ‘இங்’ என முடியும் வினை. ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ அல்லது ஒருமைப் பெயர் எழுவாயாக வந்தால் ‘ஹேஸ்’. ‘ஐ’, ‘யூ’, ‘வீ’, ‘தே’ அல்லது பன்மைப் பெயர் வந்தால் ‘ஹேவ்’. ‘பீன்’ என்பது எந்த எழுவாய்க்கும் மாறுவதில்லை. இந்த மூன்று துண்டுகளும் மூன்று செய்திகளைச் சொல்கின்றன என்று நினைத்துக்கொண்டால் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை குறையும். ‘ஹேவ்’ நிகழ்கால வடிவம் என்பதால் பேச்சை இந்தக் கணத்தோடு கட்டிவைக்கிறது. ‘பீன்’ முன்பே தொடங்கிவிட்ட ஒன்று என்று சொல்கிறது. ‘இங்’ அது ஒரே நொடியில் நிகழ்ந்து முடியாமல் நீண்டு நடப்பது என்று காட்டுகிறது.

தமிழர்கள் இந்த இடத்தில் மிகவும் அடிக்கடி செய்யும் பிழை ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது. வேலைக்கான விண்ணப்பங்களிலும் நேர்காணல்களிலும் இந்த வாக்கியத்தைக் காணலாம். இதைக் கவனக்குறைவு என்றோ அறியாமை என்றோ சொல்வது நியாயமில்லை. ‘வேலை செய்கிறேன்’, ‘வேலை செய்துகொண்டிருக்கிறேன்’ என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்வதை, சொல்பவர் ஆங்கிலத்திலும் நிகழ்காலத்திலேயே வைக்கிறார். அவருடைய தாய்மொழியில் அது முற்றிலும் சரியான சிந்தனை. இந்தச் சிந்தனை நமக்கு மட்டும் உரியதும் அன்று. பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் தங்கள் மொழியில் இதே கருத்தை எளிய நிகழ்காலத்தில்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போது அவர்களும் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். இன்றுவரை நீளும் செயலுக்கென்று ஆங்கிலம் ஒரு தனி வினை வடிவம் வைத்திருப்பதுதான் இங்கே புதிது. அதைப் புதிதாகக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் அந்த வாக்கியத்தில் உள்ள இரண்டாவது பிழை, அதாவது ‘சின்ஸ் டென் இயர்ஸ்’ என்பது, தமிழர் செய்ய வேண்டிய பிழையே அன்று என்பது என் எண்ணம். இந்தியில் ‘பத்து ஆண்டுகளாக’ என்பதற்கும் ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்பதற்கும் ‘சே’ என்ற ஒரே உருபு போதும். எனவே இந்தி பேசுபவருக்கு ‘ஃபார்’, ‘சின்ஸ்’ என்ற இரண்டையும் பிரித்தறிவது உண்மையிலேயே கடினம். தமிழிலோ அந்தப் பிரிவினை ஏற்கெனவே இருக்கிறது. கால அளவைச் சொல்லும்போது ‘ஆக’ என்கிறோம்: பத்து ஆண்டுகளாக, மூன்று நாட்களாக, வெகுநேரமாக. தொடங்கிய புள்ளியைச் சொல்லும்போது ‘இலிருந்து’ அல்லது ‘முதல்’ என்கிறோம்: காலையிலிருந்து, 2015 முதல், சிறுவயதிலிருந்து. ‘பத்து ஆண்டுகளிலிருந்து வேலை செய்கிறேன்’ என்று எந்தத் தமிழரும் சொல்வதில்லை. ‘திங்கட்கிழமையாகக் காய்ச்சல்’ என்றும் சொல்வதில்லை. ஆகவே வாய்க்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘ஆக’ வந்தால் ‘ஃபார்’. ‘இலிருந்து’ வந்தால் ‘சின்ஸ்’. ‘ஷீ ஹேஸ் பீன் லேர்னிங் வீணை ஃபார் ஃபோர் இயர்ஸ்’, ‘ஷீ ஹேஸ் பீன் லேர்னிங் வீணை சின்ஸ் 2021’.

இதில் ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. ‘இலிருந்து’ என்பதற்கு அகராதி ‘ஃப்ரம்’ என்றும் பொருள் தரும். ‘மதுரையிலிருந்து வந்தேன்’ என்னும்போது அது சரி. ‘2015இலிருந்து’ என்பதை ‘ஃப்ரம் 2015’ என்று எழுதி இந்த வினை வடிவத்தோடு சேர்ப்பது சரியாகாது. இன்றுவரை தொடரும் செயலின் தொடக்கத்துக்குச் ‘சின்ஸ்’தான் உரியது. தொடக்கப் புள்ளி ஒரு நாளாகவோ ஆண்டாகவோ இல்லாமல் ஒரு நிகழ்ச்சியாக இருந்தாலும் இதே சொல்தான். அந்த நிகழ்ச்சியைச் சொல்லும் வினை எளிய இறந்தகாலத்தில் வரும். ‘நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து மழை பெய்கிறது’ என்பது ‘இட் ஹேஸ் பீன் ரெய்னிங் சின்ஸ் ஐ லெஃப்ட் ஹோம்’ ஆகிறது. ‘கிளம்பியது’ என்று தமிழும் அங்கே இறந்தகாலத்தைத்தான் வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

செயல் ‘இன்றுவரை தொடர்கிறது’ என்றால், பேசும் அந்த நொடியில் கை வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று பொருளில்லை. தேநீர்க்கடையில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ‘ஐ ஹேவ் பீன் பில்டிங் எ ஹவுஸ் ஃபார் டூ இயர்ஸ்’ என்று சொல்லலாம். அவர் கையில் கரண்டியும் இல்லை, எதிரில் சுவரும் இல்லை. ஆனால் வீடு இன்னும் முடியவில்லை. ‘இரண்டு ஆண்டுகளாக வீடு கட்டி வருகிறேன்’ என்று தமிழில் ‘வருகிறேன்’ சேர்த்துச் சொல்வோமே, அந்தத் துணைவினையின் பொருள் இந்த ஆங்கில வடிவத்துக்கு மிக நெருக்கமானது. விட்டுவிட்டு நடப்பதற்கும் இதே வடிவம் பொருந்தும். ‘நான்கு நாட்களாக மாலையில் மின்சாரம் போய்ப்போய் வருகிறது’ என்பதை ‘த பவர் ஹேஸ் பீன் கோயிங் ஆஃப் இன் த ஈவ்னிங்ஸ் ஃபார் ஃபோர் டேஸ்’ என்று சொல்லலாம். ஒரே ஒருமுறை, ஒரே நொடியில் முடிந்துவிடும் செயலுக்கு இது பொருந்தாது. பேருந்து ஒருமுறை நின்றது என்றால் அதற்கு நீளம் இல்லை. ஒருவர் பத்து நிமிடமாகக் கதவைத் தட்டுகிறார் என்றால், தட்டல் ஒவ்வொன்றும் நொடிப்பொழுதே ஆனாலும், தொடர்ந்து தட்டுவதற்கு நீளம் உண்டு. எனவே ‘ஹீ ஹேஸ் பீன் நாக்கிங் ஆன் த டோர் ஃபார் டென் மினிட்ஸ்’ என்பது இயல்பான வாக்கியம்.

இதுவரை பார்த்தது இந்த வடிவத்தின் முதல் பயன். இரண்டாவது பயனைப் பள்ளிப் பாடங்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை இதன் அழகு அங்கேதான் இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கிறீர்கள். தெரு நனைந்திருக்கிறது, மரங்களிலிருந்து நீர் சொட்டுகிறது, வானம் வெளுத்துவிட்டது. மழையை நீங்கள் பார்க்கவில்லை. அதன் சுவடுகளை மட்டுமே பார்க்கிறீர்கள். அப்போது தமிழில் ‘மழை பெய்திருக்கிறது’ என்போம். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குரிய வாக்கியம் ‘இட் ஹேஸ் பீன் ரெய்னிங்’. மழை நின்றுவிட்டது, ஆனால் அதன் தடம் கண்முன்னே இருக்கிறது. சிவந்த கண்களோடு வரும் தங்கையைப் பார்த்து ‘அழுதிருக்கிறாய்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘யூ ஹேவ் பீன் க்ரையிங்’. கையெல்லாம் மண்ணாக வரும் மகனைக் கண்டு, ‘யூ ஹேவ் பீன் ப்ளேயிங் இன் த மட்’ என்று தாய் சொல்வதும் இப்படித்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘ஹேவ் பீன்’ என்று வந்தாலே ‘கொண்டிருக்கிறது’ என்று மொழிபெயர்க்கும் பழக்கம் இந்த வாக்கியங்களில் நம்மைத் தவறான பொருளுக்கு இட்டுச்செல்லும் என்பதுதான். தெரு மட்டும் நனைந்திருக்கும்போது ‘மழை பெய்துகொண்டிருக்கிறது’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். பார்த்த சுவட்டிலிருந்து நடந்ததை ஊகித்துச் சொல்லத் தமிழில் ‘இரு’ என்ற துணைவினை இருக்கிறது. அந்த ஊகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது இந்த வடிவம் கைகொடுக்கிறது. இந்தப் பயனில் ‘ஃபார்’, ‘சின்ஸ்’ என்று எதுவும் தேவையில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து எழும் கேள்வி, ‘ஹேவ் ரிட்டன்’ என்பதற்கும் ‘ஹேவ் பீன் ரைட்டிங்’ என்பதற்கும் என்ன வேறுபாடு என்பது. தமிழில் ‘எழுதியிருக்கிறேன்’, ‘எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். முதலாவது விளைவைப் பார்க்கிறது. இரண்டாவது உழைப்பைப் பார்க்கிறது. அதனால்தான் எண்ணிக்கை வந்தால் முதலாவதைத்தான் பயன்படுத்த வேண்டும். ‘காலையிலிருந்து மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறேன்’ என்பது ‘ஐ ஹேவ் ரிட்டன் த்ரீ லெட்டர்ஸ்’. அங்கே ‘ஹேவ் பீன் ரைட்டிங் த்ரீ லெட்டர்ஸ்’ என்று சொல்வது பொருந்தாது. எத்தனை என்ற கேள்விக்கு முதலாவது வடிவம் விடை தரும். எவ்வளவு நேரமாக என்ற கேள்விக்கு இரண்டாவது வடிவம் விடை தரும்.

முறுக்கு டப்பாவை வைத்து இதை இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். டப்பாவைத் திறந்தால் ஒன்றுகூட இல்லை. ‘முறுக்கை யார் தின்றது?’ என்று கேட்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஹூ ஹேஸ் ஈட்டன் த முறுக்கு?’ பாதி டப்பா மட்டும் குறைந்திருக்கிறது என்றால், ‘முறுக்கில் யார் கைவைத்தது?’ என்போம், அதற்கு நேரான ஆங்கிலம் ‘ஹூ ஹேஸ் பீன் ஈட்டிங் த முறுக்கு?’ அதேபோல், ‘ஐ ஹேவ் ரெட் த புக்’ என்றால் புத்தகத்தைப் படித்து முடித்தாயிற்று. ‘ஐ ஹேவ் பீன் ரீடிங் த புக்’ என்றால் பெரும்பாலும் இன்னும் சில பக்கங்கள் மீதமிருக்கின்றன. ‘லிவ்’, ‘வொர்க்’, ‘ஸ்டடி’ போன்ற சில வினைகளில் மட்டும் இந்த வேறுபாடு மங்கிவிடும். ‘ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ என்றாலும் ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர்’ என்றாலும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டாவதில் சற்றுத் தற்காலிகத் தொனி உண்டு. அந்தத் தொனியால்தான், மரத்தடியில் காலையிலிருந்து நிற்கும் மனிதருக்கு ‘ஹேஸ் பீன் ஸ்டாண்டிங்’ பொருந்துகிறது. 1010இல் கட்டி முடிக்கப்பட்டு இன்றும் நிற்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ‘ஹேஸ் ஸ்டுட் ஃபார் ஓவர் எ தவுசண்ட் இயர்ஸ்’ என்பதே பொருந்துகிறது.

எல்லா வினைகளும் ‘இங்’ ஏற்பதில்லை என்பது பலரைத் தடுக்கி விழவைக்கும் இடம். ‘எனக்கு அவரைப் பத்து ஆண்டுகளாகத் தெரியும்’ என்பதில் ‘ஆக’ இருக்கிறது. ஆகவே ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் சரியானது ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’. ‘நோ’ என்பது ஒருவர் செய்யும் செயல் அன்று. அவரிடம் இருக்கும் ஒரு நிலை. இத்தகைய நிலைவினைகளை ஆங்கில நூல்கள் நீண்ட பட்டியலாகத் தரும். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடத் தமிழரிடம் ஏற்கெனவே உள்ள ஓர் உணர்வைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. நாம் ‘நான்’ என்று தொடங்காமல் ‘எனக்கு’ என்று தொடங்கும் வினைகளைப் பாருங்கள்: எனக்குத் தெரியும், எனக்குப் புரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும், எனக்கு நினைவிருக்கிறது. இவற்றுக்கு நேரான ஆங்கில வினைகளான ‘நோ’, ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘லைக்’, ‘நீட்’, ‘ரிமெம்பர்’ ஆகியவை பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை. ‘எனக்கு’ என்று சொல்லும்போதே அது நாம் செய்வது அன்று, நம்மிடம் வந்து அமைவது என்று தமிழ் ஒத்துக்கொள்கிறது; ஆங்கிலம் அதையே ‘இங்’ மறுப்பதன் மூலம் ஒத்துக்கொள்கிறது.

இந்தச் சோதனை வழிகாட்டி மட்டுமே. முழு விதி அன்று. ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதில் ‘எனக்கு’ இருந்தாலும் ‘மை ஹெட் ஹேஸ் பீன் ஏக்கிங் சின்ஸ் லாஸ்ட் நைட்’ என்று தாராளமாகச் சொல்லலாம். மாறாக, ‘நான் நம்புகிறேன்’ என்பது ‘நான்’ என்று தொடங்கினாலும், ‘பிலீவ்’ பொதுவாக ‘இங்’ ஏற்காது. ‘ஹேவ்’ என்ற வினைக்கு இரண்டு முகங்கள் உண்டு: உடைமையைக் குறித்தால் ‘ஐ ஹேவ் ஹேட் திஸ் ஸ்கூட்டர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’, அனுபவத்தைக் குறித்தால் ‘ஐ ஹேவ் பீன் ஹேவிங் பேட் ட்ரீம்ஸ்’. ‘வான்ட்’ என்பதும் நிலைவினைதான். என்றாலும் ‘உங்களைச் சந்திக்க வேண்டும் என்று வெகுநாட்களாக நினைத்திருந்தேன்’ என்ற பொருளில் ‘ஐ ஹேவ் பீன் வான்ட்டிங் டு மீட் யூ’ என்று ஆங்கிலேயரே சொல்வார்கள். ‘இரு’ என்பதற்குரிய ‘பி’ வினை எளிது: ‘நான் இரண்டு மணி நேரமாக இங்கே இருக்கிறேன்’ என்பது ‘ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டூ அவர்ஸ்’. ‘பீன்’ ஏற்கெனவே அந்த வினையின் வடிவம் என்பதால் அதன் பின் ‘பீயிங்’ சேர்க்கத் தேவையில்லை.

எதிர்மறையில் ‘நாட்’ என்பது ‘ஹேவ்’ என்பதை அடுத்து வரும். ‘சில நாட்களாக எனக்குச் சரியான தூக்கமில்லை’ என்பது ‘ஐ ஹேவ் நாட் பீன் ஸ்லீப்பிங் வெல்’. ஆனால் ஒரு செயல் நடக்கவேயில்லை என்றால், நீண்டுகொண்டிருக்க அங்கே எதுவும் இல்லை. அதனால் ‘ஒரு வாரமாக அவரைப் பார்க்கவில்லை’ என்பதை ‘ஐ ஹேவ் நாட் சீன் ஹிம் ஃபார் எ வீக்’ என்றே சொல்ல வேண்டும்.

கேள்வியில் ‘ஹேவ்’ எழுவாய்க்கு முன் வந்துவிடும்: ‘ஹேவ் யூ பீன் வெய்ட்டிங் லாங்?’ கேள்விகளில் நிகழ்காலத்தைப் போட்டுவிட்டால் சில வேளைகளில் இலக்கணப் பிழையோடு நில்லாமல் பொருளே மாறிவிடும். ‘எவ்வளவு நாட்களாக இங்கே இருக்கிறீர்கள்?’ என்று கேட்க நினைத்து ‘ஹவ் லாங் ஆர் யூ ஹியர் ஃபார்?’ என்று கேட்டால், ‘மொத்தம் எத்தனை நாள் இங்கே தங்கப்போகிறீர்கள்?’ என்றுதான் ஆங்கிலேயர் புரிந்துகொள்வார். வந்து பத்து நாளான ஒருவர் ‘டூ வீக்ஸ்’ என்று மொத்தப் பயணத்தின் நீளத்தைச் சொல்வார். கேட்டவர் அவர் வந்து இரண்டு வாரம் ஆயிற்று என்று எண்ணிக்கொள்வார். சரியான கேள்வி ‘ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?’

பேச்சில் இந்த வடிவம் சுருங்கி ஒலிக்கும். ‘ஐ ஹேவ் பீன்’ என்பது ‘ஐவ் பீன்’ ஆகும்; ‘ஷீ ஹேஸ் பீன்’ என்பது ‘ஷீஸ் பீன்’ ஆகும். அமெரிக்கர் பலர் ‘பீன்’ என்பதைக் குறிலாக்கிப் ‘பின்’ என்றே ஒலிப்பார்கள். ‘ஷீஸ்’ என்பதைக் காதால் மட்டும் கேட்டுப் பழகுபவர் அதை ‘ஷீ இஸ்’ என்று பிரித்து ‘ஷீ இஸ் பீன் வொர்க்கிங்’ என்று எழுதிவிடுவதுண்டு. ‘பீன்’ என்பதற்கு முன் ‘இஸ்’, ‘ஆம்’, ‘ஆர்’ வருவதில்லை என்று நினைவில் வைத்துக்கொண்டால் இந்தப் பிழை நேராது. ‘பீன்’ எழுத வேண்டிய இடத்தில் ‘பீயிங்’ எழுதிவிடுவதும் இதே போன்ற காதுப் பிழைதான்.

‘பீன்’ என்பதற்குப் பின் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தே செய்வினையும் செயப்பாட்டுவினையும் பிரிகின்றன. ‘த ரோடு ஹேஸ் பீன் ரிப்பேர்ட்’ என்றால் சாலை பழுதுபார்க்கப்பட்டுவிட்டது. ‘த ரோடு ஹேஸ் பீன் ரிப்பேரிங்’ என்று எழுதினால் சாலையே எழுந்து எதையோ பழுதுபார்க்கிறது என்றாகிவிடும். ‘இரண்டு மாதமாகச் சாலை பழுதுபார்க்கப்பட்டு வருகிறது’ என்பதைச் செயப்பாட்டுவினையிலேயே சொல்ல வேண்டுமென்றால் ‘ஹேஸ் பீன் பீயிங் ரிப்பேர்ட்’ என்று ஒரு வடிவம் இலக்கணத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆங்கிலேயர்கள் அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். ‘தே ஹேவ் பீன் ரிப்பேரிங் த ரோடு ஃபார் டூ மந்த்ஸ்’ என்று, செய்பவர் யாரென்று குறிப்பாகச் சொல்லாமல் ‘தே’ என்று மட்டும் தொடங்குவதே அவர்கள் வழக்கம். நாமும் தெருவில் அதைத்தானே சொல்கிறோம்: ‘ரெண்டு மாசமா ரோடு போட்டுக்கிட்டே இருக்காங்க.’